தொரப்பள்ளி தந்த மூதறிஞர்

கன்னட நாட்டின் எல்லையை அடுத்துள்ள ஓசூர், இந்நாளில் ஆலைகளின் ஒலி ஓயாத நகரம். அதன் அருகே தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் முன்சீப்பின் மைந்தராக, 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தவரே இராஜாஜி என நாம் அறியும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

அவர் ஓசூரிலும் பெங்களூரிலும் கற்றார்; சென்னையிற் சட்டம் பயின்று சேலத்தில் வழக்குரைஞரானார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் அவர் விளங்கியதை வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பீர்கள். ஈண்டு நாம் காணப்போவது, தவறி வீழ்ந்த மனிதரை அவர் எவ்வாறு நோக்கினார் என்பதையே.

இவர் பிறந்த பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாக்களிற் பாரதக் கூத்து நிகழும். கர்ணன் மாயும் இரவில் கண் கலங்காதார் அரியர். இளமையில் யானும் விடியும்வரை அமர்ந்து அழுததுண்டு. அவன் துன்பத்தைக் காணுங்கால் அவன் செய்த பிழை நமக்கு மறந்தே போகிறது. இராஜாஜி ‘வியாசர் விருந்து’ என்னும் தம் நூலில் அதனை மறக்கவிடவில்லை.

கர்ணன் தன் குலத்தை மறைத்துப் பொய் கூறிப் பரசுராமரிடம் வில்வித்தை கற்றான். அதே கர்ணன், தன் மடியில் தலைவைத்து உறங்கிய குருவின் துயில் கலையலாகாது என்று, வண்டு தொடையைத் துளைத்த வலியையும் பொறுத்தான். அப்பொறுமையே அவன் பொய்யைக் காட்டிக் கொடுத்தது, சாபமும் வந்தது. பலர் முன்னே இகழப்பட்டு நின்ற அவனுக்கு அங்க நாட்டு முடி சூட்டியவன் துரியோதனன். அந்நன்றியை அவன் உயிரினும் பெரிதாகப் போற்றினான். போற்றியது பிழையன்று. நண்பனை மகிழ்விக்க வேண்டி, சூதாடிய சபையில் திரௌபதியை இழிமொழி கூறினானே, அதுவே பிழை. பாண்டவரைச் சுடுசொல்லாற் பழித்ததற்காகத் தான் வருந்துவதாகப் பின்னாளிற் கண்ணனிடமே அவன் ஒப்புக்கொண்டான் என்கிறது வியாச பாரதம். வருந்தினான், ஆயினும் துரியோதனனை விட்டு விலகினானல்லன். தேர்ச்சக்கரம் மண்ணிற் புதைந்தபோது போர் அறத்தை நினைவூட்டினான். அன்று அவ்வறம் எங்கே போயிற்று என்று கண்ணன் வினவ, விடையின்றித் தலை குனிந்தான். இராஜாஜி அத்தலைகுனிவை மறைக்கவில்லை. அந்நிலையில் அருச்சுனன் அம்பு எய்ததையும் அறமென்று புகழவில்லை.

இந்நோக்கை அவர் ஏட்டில் மட்டும் கொண்டவரல்லர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டு, ஏழை மக்களிடையே வாழ்ந்தார். உழைத்தவன் கூலி கள்ளுக்கடையிற் கரைய, மனைவியும் மக்களும் பசித்திருந்ததைக் கண்டார். நண்பன் மனம் நோகலாகாது என்று முதற் குவளையை ஏந்துவோன் இயல்பிற் கொடியவனல்லன்; மறுக்கும் திண்மை இல்லாதவன். ‘விமோசனம்’ என்னும் திங்களிதழை மதுவிலக்கிற்கென்றே 1929-இற் தொடங்கினார். முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் முதல் நாளன்று, மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசின் வருவாய் குறையுமே என்றனர் பலர். அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதித்துப் பழியும் ஏற்றார்.

1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முற்பட்டது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. முதலமைச்சரை நேரிற் கண்டு, அது வேண்டா என்று மன்றாடினார். கடைகள் திறக்கப்பட்டன. மறு ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லத்தை அரசு நினைவில்லமாகப் போற்றி வருகிறது.