விண்வீரர் விளாதிமிர் கொமாரோவ்

புகழ் பெற்றோர் வாழ்க்கையை எழுதப் புகுவோர், அன்னார் தாம் எடுத்த கருமத்தை எங்ஙனம் முடித்தனர் என்பதையே விரித்துரைத்தல் வழக்கம். எடுத்த கருமம் முடியாமலே, பிறர் செய்த பிழையால் மாண்டவர் சிலரும் உளர். அன்னார் சரிதத்தை எழுதுதல் எளிதன்று. வீரத்தைப் போற்றிப் பிழையை மறைத்தலும் தவறு; பிழையைக் காட்டி வீரத்தை மறத்தலும் தவறு. விண்வெளிப் பயணத்தின்போது உயிர் நீத்த முதல் மனிதராகிய ருஷிய வீரர் விளாதிமிர் மிஹாய்லொவிச் கொமாரோவ் என்பாரின் வாழ்க்கை இத்தகையது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கொமாரோவ் 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள் மாஸ்கோ மாநகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் கூலி வேலை செய்து குடும்பத்தைப் புரந்து வந்த ஏழை. இளமையிலேயே கொமாரோவுக்கு ஆகாய விமானங்களின்மீது பெருவிருப்பம் இருந்தது. விமானப் படங்களையும் விமானங்களைப் பற்றிய இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்து வைப்பாராம். 1941-இல் ஜெர்மானியர் ருஷியாவின்மீது படையெடுத்தனர். அப்போரிலே அவர் தந்தையாரை இழந்தார். 1942-இல், பதினைந்தே வயதினராய், மாஸ்கோவிலிருந்த விமானப்படைப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். அவர் அப்பள்ளிப் படிப்பை முடித்த 1945-ஆம் ஆண்டிலேயே போரும் முடிந்தது. பின்னர் பயிற்சியைத் தொடர்ந்து, 1949-இல் பத்தாய்ஸ்க் என்னும் ஊரிலுள்ள விமானப் பள்ளியில் தேறி, கவ்காஸ் மலைநாட்டைச் சார்ந்த குரோஸ்னி நகரில் போர் விமானியாய்ப் பணியேற்றார். 1950-இல் மணம் புரிந்தார். ஓர் ஆண் மகவும் ஒரு பெண் மகவும் பிறந்தன.

விமானத்தைச் செலுத்துவதோடு அவர் மனம் அமைதியுறவில்லை. அது பறக்கும் முறையையும் பழுதுறும் முறையையும் அறிய விரும்பினார். ஆதலின் 1954-இல் மாஸ்கோவிலுள்ள ஷுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியற் கழகத்திற் சேர்ந்து ஐந்தாண்டுகள் கற்றார். 1960-இல் விண்வெளிப் பயணத்திற்கென முதன்முதல் தெரிந்தெடுக்கப்பெற்ற இருபது விமானிகளுள் அவரும் ஒருவரானார். ஏனையோரிற் பெரும்பாலார் அவருக்கு இளையர், உயர்கல்வி பெறாதவர். ஆகவே தோழர்கள் அவரைப் பேராசிரியர் என்று செல்லமாய் அழைத்து வந்தனர்.

ஆயினும் வழி எளிதாக இருந்திலது. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே குடலிறக்க நோயின் பொருட்டு அவருக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. ஆறு மாதகாலம் கடும்பயிற்சி கூடாதென மருத்துவர் விலக்கினர். அக்காலத்தை நூற்கல்வியிற் செலவிட்டுத் தோழர்களுக்குப் பின்தங்காது மீண்டும் வந்து சேர்ந்தார். 1962-இல் பொபோவிச் என்னும் வீரருக்குத் துணைவிமானியாக, அதாவது அவரால் இயலாதபோது பதிலாகச் செல்வதற்கு, அமர்த்தப்பட்டார். அப்போது அவர்தம் நெஞ்சத் துடிப்பிற் சிறு ஒழுங்கின்மை காணப்பட, மருத்துவர்கள் அவரை நீக்கினர். கொமாரோவ் சோர்ந்திலர். மருத்துவ அதிகாரிகளையும் படை அதிகாரிகளையும் பலமுறை கண்டு முறையிட்டு மீண்டும் இடம் பெற்றார்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அவருடைய முதற் பயணம் நிகழ்ந்தது. வோஸ்கோத் 1 என்னும் அக்கலத்தில் மூவர் சென்றனர். கொமாரோவ் தலைவர், பியோக்திஸ்தோவ் பொறிவல்லார், எகோரோவ் மருத்துவர். ஒன்றுக்கு மேற்பட்டோர் ஒரே கலத்தில் விண் சென்றது அதுவே முதன்முறை. உலகம் வியந்தது. ஆனால் அந்த வியப்பின் பின்னே நின்ற உண்மையையும் நாம் நோக்க வேண்டும். ஒருவர்க்கென ஆக்கிய கலத்தின் உருவினையே மாற்றியமைத்து, அதனுள் மூவரை இருத்தினர். இடம் போதாமையால் காற்றுக் காக்கும் விண்ணுடையை மூவரும் அணிந்திலர். ஆபத்து நேரின் வெளியே எறியப்பட்டுத் தப்புதற்குரிய இருக்கையும் இல்லை. ஒருநாட் பயணம் இனிது முடிந்தது. தீங்கொன்றும் நேராமையால் அத்தகைய துணிவு தக்கதே என்ற எண்ணம் சிலருக்கு வேரூன்றியது. அவ்வெண்ணத்தின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அடுத்த இரண்டாண்டுகளில் நிலைமை மாறிற்று. 1965 மார்ச்சுக்குப் பின் ருஷியர் எவரும் விண் செல்லவில்லை. அதே காலத்தில் அமெரிக்கர் ஜெமினி என்னும் கலங்களிற் பத்து முறை சென்று மீண்டனர். 1966 ஜனவரியில் ருஷிய விண்கலங்களின் தலைமை அறிஞராகிய செர்கெய் கொரொலேவ் காலமானார். மிஷின் என்பார் அவர் இடத்தை ஏற்றார். 1967-ஆம் ஆண்டோ அக்டோபர்ப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு. பெருஞ்செயலொன்றைக் காட்ட வேண்டுமென்னும் வேட்கை ஆளுவோரிடம் மிகுந்திருந்தது.

காட்டுதற்கு எடுத்துக்கொண்ட கலம் சோயுஸ் எனப்படும் புதுக்கலமாகும். அதனை ஆளின்றி மும்முறை சோதித்தனர். 1966 நவம்பரில் ஏவிய முதற்கலம் நெறிதவறியமையால் அழிக்கப்பட்டது. டிசம்பரில் ஏவுதற்கு நிறுத்திய இரண்டாவது, ஏவுதளத்திலேயே வெடித்தது. 1967 பிப்ரவரியிற் சென்ற மூன்றாவது, வெப்பங் காக்கும் கவசத்தில் ஓட்டை விழுந்து, உறைந்துகிடந்த ஆரல் கடலில் இறங்கிப் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. மூன்றில் ஒன்றேனும் குறைவின்றி மீண்டிலது. எனினும் நான்காவதில் மனிதனை அனுப்பத் துணிந்தனர். கொமாரோவ் பொறியியல் கற்றவர். முன்சென்ற கலங்களுக்கு நேர்ந்தவற்றை அறியாதவர் அல்லர். அவருக்குத் துணைவிமானியாய் நின்றவர், விண்ணை முதலில் வலம் வந்த யூரி ககாரின். ஒருவர் மறுப்பின் மற்றவர் செல்ல வேண்டிய நிலை.

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் விடியுமுன் சோயுஸ் 1 பைகோனூர்த் தளத்தினின்று எழுந்தது. மறுநாள் சோயுஸ் 2 மூவருடன் எழ வேண்டும். இரு கலங்களும் விண்ணில் இணைய வேண்டும். ஹ்ருனோவ், எலிசேயெவ் என்னும் இருவர் வெளியே நடந்து கொமாரோவின் கலத்தை அடைந்து அவரோடு பூமிக்குத் திரும்ப வேண்டும். இதுவே திட்டம்.

கலம் விண்ணையடைந்த உடனேயே இடுக்கண்கள் தொடங்கின. கதிரொளியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் இரு சிறகுகளுள் இடச் சிறகு விரியவில்லை. மின்சாரம் குறைந்தது. ஞாயிற்றையும் விண்மீனையும் நோக்கித் திசையறியும் கருவி பயன்படாதாயிற்று. இந்நிலையில் இரண்டாவது கலத்தின் பயணத்தைக் கைவிட்டு, கொமாரோவை விரைவில் இறக்கத் தீர்மானித்தனர். பதினேழாம் சுற்றில் தானியங்கிக் கருவியைக் கொண்டு இறக்க முயன்றது பலிக்கவில்லை. எஞ்சிய வழி ஒன்றே. கொமாரோவ் தம் கண்ணையும் கையையும் கொண்டு கலத்தைத் திருப்ப வேண்டும். பூமியின் பகற்பக்கத்தில் கீழே நோக்கித் திசையைச் சரிசெய்து, இருட்பக்கத்தைக் கடக்கும்வரை சுழற்பொறிகளால் அத்திசையை நிறுத்தி, மீண்டும் ஒளி கண்டபின் பிழை திருத்தி, குறித்த நொடியில் வேகத்தைக் குறைக்கும் எந்திரத்தை இயக்க வேண்டும். முழுநாள் உழைப்பினாற் களைத்திருந்த அவர், பத்தொன்பதாம் சுற்றில் இதனைச் செவ்வனே செய்து முடித்தார். கலம் பூமியை நோக்கித் திரும்பியது. தம் கையில் இருந்த அனைத்தையும் அவர் முடித்துவிட்டார்.

தம் கையில் இல்லாதது ஒன்று எஞ்சியிருந்தது. அதுவே பாரசூட் என்னும் குடை. வளிமண்டலத்துட் புகுந்த கலத்தினின்று முதலிற் சிறுகுடை வெளிவந்தது. அஃது இழுக்கப் பெருங்குடை வெளிவர வேண்டும், வரவில்லை. பின்னர் உதவிக்குடை வெளிப்பட்டது. ஆனால் விடுபடாது நின்ற சிறுகுடையின் பின்னே சிக்கி விரியாதொழிந்தது. ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள கலம் நொடிக்குச் சுமார் 40 மீட்டர் வேகத்தில் ஓர்ஸ்க் நகரை அடுத்த வெளியில் மோதித் தீப்பற்றியது. 1967 ஏப்ரல் 24-ஆம் நாள் காலையில், தமது நாற்பதாம் வயதில், கொமாரோவ் உயிர் நீத்தார். ஏப்ரல் 26-இல் அவர்தம் அஸ்தி கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. பதினைந்து வயது மகனும் எட்டு வயது மகளும் தந்தையை இழந்தனர்.

ஆராய்ச்சிக் குழு அமைந்தது. கலத்தின் உள்ளே உள்ள காற்றழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் இருந்த வேற்றுமையால், குடை அடைத்திருந்த பெட்டியின் சுவர்கள் நெகிழ்ந்து குடையை இறுகப் பற்றின என்றும், சிறுகுடையின் இழுப்பு அப்பிடியை வெல்லப் போதவில்லை என்றும் குழு முடிவு செய்தது. சோயுஸ் 2 கலத்திலும் அத்தகைய பெட்டியே அமைந்திருந்தது. கொமாரோவின் கலத்திற் சிறகு விரியாமை ஒருபுறம் கேடாயினும், மறுநாள் எழவிருந்த மூவரை அதுவே தடுத்துக் காத்ததென நாம் எண்ணுதற்கு இடமுண்டு.

அதன்பின் ஒன்றரை ஆண்டுகள் ருஷியர் எவரையும் விண்ணுக்கு அனுப்பவில்லை. குடைப்பெட்டியைப் பெரிதாக்கினர், சுவர்களை உறுதியாக்கினர், குடை வழுக்கி வெளிவருமாறு உட்புறத்தை மெருகிட்டனர். ஆளில்லாக் கலங்களை மீண்டும் மீண்டும் அனுப்பிச் சோதித்தனர். 1967 அக்டோபரில் ஆளில்லாக் கலங்கள் இரண்டு தாமாகவே விண்ணில் இணைந்தன. 1968 அக்டோபரில் பெரகவோய் என்பார் சோயுஸ் 3-இற் சென்று நலமே மீண்டார். 1969 ஜனவரியில் ஹ்ருனோவும் எலிசேயெவும் ஒரு கலத்தினின்று மற்றொன்றுக்கு விண்ணிலேயே நடந்து சென்றனர். கொமாரோவ் முடிக்கச் சென்ற கருமம் அன்று முடிந்தது.

எனினும் பாடம் முழுவதும் கற்கப்பட்டிலது. விண்ணுடையின்றிச் செல்லும் வழக்கம் தொடர்ந்தது. 1971 ஜூன் 30-ஆம் நாள் சோயுஸ் 11 திரும்புங்கால், அடைப்பொன்று காலத்துக்கு முன் திறந்து உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியேற, மூவரும் மாண்டனர். வோஸ்கோத் பயணத்தில் தீங்கின்றிப் போன துணிவு ஈண்டு மூவுயிரைக் கொண்டது. அதன்பின்னரே ஏறும்போதும் இறங்கும்போதும் விண்ணுடை அணிதல் கட்டாயமாயிற்று. அதற்கு இடம் வேண்டிப் பல ஆண்டுகள் இருவரையே அனுப்பினர். அன்று முதல் சோயுஸ் கலத்திற் சென்றவர் எவரும் பயணத்தில் உயிரிழந்திலர். 2018 அக்டோபரில் ஏவூர்தி நடுவழியிற் பழுதுற்றபோதும், அதிலிருந்த இருவரும் குடை விரிய நலமே தரையிறங்கினர். 1984-இல் நம் நாட்டு ராகேஷ் சர்மா விண்சென்று திரும்பியதும் அவ்வரிசைக் கலங்களிலேயே ஆகும்.

கொமாரோவின் மரணத்தைத் தியாகம் என்று பலரும் போற்றுவர். அச்சொல்லைச் சொல்லுமுன் நாம் சற்றே தயங்குகின்றோம். அவருடைய அஞ்சாமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இன்னும் ஒருமுறை ஆளின்றிச் சோதித்திருப்பின் அவர் வாழ்ந்திருத்தல் கூடும். ஒருவர் தம் உயிரைத் தருதல் வேறு. நாள் குறித்துவிட்டோமே என்று பிறர் அவருயிரைச் செலவிடுதல் வேறு. முன்னதன் பெருமையைக் கொண்டு பின்னதன் பிழையை மூடலாகாது. நம் கல்லூரியிற் கற்று வெளிச்செல்வோருள், பாலம் கட்டுவோரும் மருந்து கலப்போரும் பிறர் கையொப்பத்திற்காகக் காத்திருக்கும் பத்திரங்களைச் சரிபார்ப்போரும் உண்டு. நாள் நெருங்கிவிட்டது, இம்முறை பார்க்காமலே விடலாம் என்னும் சோதனை அவர்களுக்கும் வரும். அப்போது இவ்வீரர் சரிதம் அவர்தம் நினைவுக்கு வருமாயின், நாம் இதனை எழுதியது வீண்போகாது.

1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 கலத்திற் சென்ற அமெரிக்க வீரர்கள், விண்வெளி முயற்சியில் உயிர் நீத்த பதினால்வர் பெயர் பொறித்த சிறு தகட்டினைச் சந்திரன் தரையில் வைத்து வந்தனர். போட்டியிட்ட நாட்டாரால் வைக்கப்பட்ட அத்தகட்டில் கொமாரோவின் பெயரும் இன்றளவும் உள்ளது. அப்பெயர் நின்று நிலவுவதாக.