இரைச்சலை வடிகட்டும் ஃபூரியர்

சந்தடி மிகுந்த சாலையில் நின்று பேசினாலும், கைப்பேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு நம் குரல் ஓரளவு தெளிவாகவே கேட்கிறது. இந்த வசதியின் வேரைத் தேடினால், வெப்பத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியரிடம் போய்ச் சேர்கிறோம்.

1768-இல் ஓசேர் நகரில் தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-இல் சிறைப்பட்டு, ரோபெஸ்பியரின் வீழ்ச்சிக்குப் பின் விடுதலையானார். 1798-இல் நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்து சென்றார். நாடு திரும்பியதும் இசேர் மாவட்ட ஆட்சித் தலைவராகி, சதுப்பு நிலங்களை வடித்துச் சீராக்கினார். அந்த நிர்வாகச் சுமைக்கு நடுவேதான், திடப்பொருள்களில் வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்தார்.

எத்தகைய ஏற்ற இறக்கத்தையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது அவர் கண்ட முடிவு. 1807-இல் அவர் அளித்த கட்டுரையை லக்ராஞ்சு போன்ற பேரறிஞர்கள் ஏற்கவில்லை. 1812-இல் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசளித்தபோதும், நிரூபணத்தில் குறை கண்டது. நூல் வெளிவந்தது 1822-இல்தான்.

உயிரெழுத்தை உச்சரிக்கும்போது ஒலியின் ஆற்றல் சில அதிர்வெண்களில் குவிகிறது. காற்றின் இரைச்சலோ பல அதிர்வெண்களிலும் சிதறுகிறது. வலுவான சில அலைகளை வைத்துக்கொண்டு மெலிந்தவற்றை நீக்கினால், குரல் தெளிகிறது. ஆனால், 'ஸ்' போன்ற சீறொலிகள் இரைச்சலை ஒத்திருப்பதால் இந்த அலைகள் மட்டும் போதா. எனவே, பலவகை ஒலி வடிவங்களை அகராதிபோல் தொகுத்து, அவற்றுள் மிகச் சிலவற்றைக் கொண்டே பேச்சை மீட்டமைக்கிறார்கள். சிக்கனமே இம்முறையின் உயிர்நாடி.

எந்தச் சில வடிவங்கள் என்பதைத் தேர்வதற்கு 1990-களில் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று நேரியல் திட்டமிடல். உற்பத்திச் செலவைக் குறைக்கும் உத்தியாகப் பொருளியல் மாணவர்களுக்கு நான் கற்பித்த அதே பாடம். அதன் அடிப்படையான நேரியல் அசமன்பாடுகளை 1820-களிலேயே ஆராய்ந்தவரும் ஃபூரியர்தான். அன்று அப்பணி பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1830-இல் அவர் மறைந்தார். அவருடைய இரு ஆய்வுகளும் பேச்சொலியில் ஒன்றுசேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இன்று ஆய்வு நிதி கோரும் இளைஞரிடம், மூன்றாண்டில் என்ன பயன் விளையும் என்று கேட்கிறோம். செலவையும் பயனையும் எடைபோடுவதே என் துறை. ஆயினும், அடிப்படை அறிவுக்கான முதலீட்டை அத்தகைய குறுகிய தவணையில் அளப்பது பிழையான கணக்கு என்பேன். சதுப்பு நிலம் விளைநிலமானதை ஃபூரியரின் காலத்தவர் கண்டார்கள். அவருடைய கணிதத்தின் முழு விளைச்சலை நாம்தான் அறுவடை செய்கிறோம்.