ஊர் ஊராய்ப் பெயர்ந்தவரின் சமன்பாடு

ஸ்டீபன் டிமோஷென்கோ என்றதும் பொறியியல் படித்தவர்களுக்குத் தடித்த பாடநூல்கள் நினைவுக்கு வரும். ஊடகக் கற்கை படித்த எனக்கோ, அவர் வேலை இழந்த கதைதான் முதலில் கண்ணில் பட்டது.

1878 இல் உக்ரேனில் பிறந்தவர். கியேவ் பொலிடெக்னிக்கில் பீடாதிபதியாக இருந்தபோது, யூத மாணவர்களுக்கு சார் அரசு விதித்திருந்த எண்ணிக்கை வரம்பைத் தாண்டி அனுமதி கொடுத்தார். 1911 இல் பதவி போனது. அந்த ஆண்டு கிடைத்த பரிசுப் பணம்தான் அப்போது கைகொடுத்தது. உள்நாட்டுப் போர் முற்றியபோது, 1920 இல் நாட்டையே விட்டு சாக்ரெப் நகருக்குப் போனார்.

அவர் பெயரை நிலைக்கவைத்த கட்டுரை 1921 இல், அந்த அகதி வாழ்க்கைக்கு நடுவே வெளிவந்தது. ஒய்லர், பேர்னூலி காலத்திலிருந்து வந்த கணக்கில், ஒரு பீம் எப்படி வளைந்தாலும் அதன் குறுக்குவெட்டு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். மெல்லிய நீண்ட கம்பிக்கு அது போதும். கட்டையான பீமுக்கோ, வேகமான அதிர்வுக்கோ போதாது. அடுக்கிய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதுபோல் உள்ளே ஒரு நழுவல் நடக்கிறது. குறுக்குவெட்டு தனியாகச் சாய்கிறது. அந்தச் சாய்வையும், அது சுழலும்போது காட்டும் சடத்துவத்தையும் டிமோஷென்கோ சமன்பாட்டுக்குள் சேர்த்தார்.

1922 இல் அமெரிக்கா. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், மிச்சிகன், ஸ்டான்ஃபோர்ட். முதுமையில் மகளோடு மேற்கு ஜேர்மனி. அங்கேதான் 1972 இல் காலமானார்.

அதே 1972 இல் எரிக் ரைஸ்னர், பீம் எவ்வளவு வளைந்தாலும் செல்லுபடியாகும் கோட்பாடொன்றை ஒரு தளத்துக்குள் எழுதினார். 1985 இல் ஜுவான் சிமோ அதை முப்பரிமாண இயக்கத்துக்கு விரித்தார். ஹெலிகொப்டர் இறக்கை, ரோபோக் கை போல ஓடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் வளைபவற்றைக் கணினியில் கணிக்க இந்த வழி உதவுகிறது. அங்கேயும் குறுக்குவெட்டு தனியாகச் சாய்கிறது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பீட்டர்ஸ்பேர்க்கில் டிமோஷென்கோவுடன் இதை யோசித்தவர் போல் எரன்ஃபெஸ்ட், ரஷ்யாவில் நிரந்தரப் பதவி கிடைக்காமல் 1912 இல் நெதர்லாந்துக்குப் போன பௌதிகவியலாளர். 1916 இல் ரஷ்ய மொழியில் எழுதிய நூலில் அவருடைய பங்கை டிமோஷென்கோ சொல்லியிருக்கிறார். உலகம் படித்ததோ 1921 ஆம் ஆண்டின் ஆங்கிலக் கட்டுரையை. அதனால் ஒரு பெயர் மட்டுமே நிலைத்தது. இப்போது சில ஆய்வாளர்கள் டிமோஷென்கோ–எரன்ஃபெஸ்ட் கோட்பாடு என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.