எட்டுத் திங்கள் ஆசிரியர்

ஜப்பானின் வடபுலத் தீவாகிய ஹொக்கைடோவில், சப்போரோ நகருக்குத் தெற்கே ஷிமாமட்சு என்றோர் இடம் உண்டு. 1877 ஏப்ரல் 16ஆம் நாள், அங்கிருந்த வழிப்பயணர் விடுதியின் முன் குதிரைகள் பல வந்து நின்றன. வில்லியம் ஸ்மித் கிளார்க் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தாயகம் திரும்புகின்றார். அவரைப் பிரிய மனமின்றி அத்தனை தொலைவு உடன்வந்தவர்கள் அவருடைய மாணவர்களும் உடன்பணியாற்றியோரும். அவர் அவர்களுக்குக் கற்பித்த காலமோ எட்டுத் திங்கள் மட்டுமே.

1826இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த கிளார்க், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் விண்கற்களின் வேதியியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஆமர்ஸ்ட் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். உள்நாட்டுப் போரில் கர்னலாகப் போரிட்டார். பின்னர் மாசச்சூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவரானார். ஹொக்கைடோவைப் பண்படுத்த முனைந்த ஜப்பானிய அரசு அவரை ஓராண்டுக்கு அழைத்தது. 1876 ஆகஸ்டில் சப்போரோ வேளாண் கல்லூரி திறக்கப்பெற்றது.

மாணவர்க்கென நீண்ட விதிப்பட்டியல் வேண்டாவென்றார் கிளார்க். பண்பாளராக நடந்துகொள்ளுங்கள் என்னும் ஒரே விதி போதுமென்பது அவர் கருத்து. மதுவையும் புகையிலையையும் மாணவர் கைவிட வேண்டுமென விரும்பியபோது, அவ்வுறுதிமொழியில் தாமும் ஒப்பமிட்டார். விவிலியத்தைக் கற்பிப்பது குறித்து ஆட்சிப் பொறுப்பாளர் குரோடாவுடன் வழக்காடி வென்றார் என்பதும் வரலாறு.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. குளிர்காலத்தில் தெய்னே மலைக்கு மாணவரை அழைத்துச் சென்றார். உயர்ந்த மரமொன்றில் அரிய மரப்பாசி ஒன்று அவர் கண்ணில் பட்டது. பனியில் தாம் குனிந்து நின்று, காலணியுடனேயே தம் முதுகின்மேல் ஏறிப் பறிக்குமாறு குரோஇவா என்ற மாணவரைப் பணித்தார். ஆசிரியரின் நிழலை மிதிக்கவும் அஞ்சும் மரபில் வளர்ந்த இளைஞர் அவர். அம்முதுகில் கால் வைத்த அந்தக் கணத்தில் அவர் என்ன கற்றிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அப்பாசி புதிய இனமென அறியப்பட்டு, கிளார்க்கின் பெயரையே பெற்றது.

ஷிமாமட்சுவில் அவர் ஒவ்வொருவர் கையையும் பற்றி விடைபெற்றார், குதிரைமேல் ஏறினார், இளைஞர்களே, உயர்ந்த நாட்டம் கொள்ளுங்கள் என்னும் பொருள்படச் சில சொற்களே சொன்னார், குதிரையைத் தட்டிவிட்டுக் காட்டுவழியில் மறைந்தார். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவியரை வழியனுப்பும் விழாவில் நாங்கள் ஆற்றும் நெடிய உரைகளை நினைத்து நான் நாணுவது இதனால்தான்.

அச்சொற்களும் உடனே ஏட்டில் ஏறியவையல்ல. அன்று அங்கிருந்த ஒஷிமா என்ற மாணவர் 1890களில் ஆற்றிய உரை வழியாகவே அவை பரவின. பொருளையும் புகழையும் நாடாதீர் என்னும் நீண்ட விரிவு பின்வந்தோர் சேர்த்தது என்பர். கவிஞர்கள் இதனைக் கருத வேண்டுகிறேன்: சுருங்கிய சொல்லை உலகம் சும்மா விடுவதில்லை.

கிளார்க் நீங்கியபின் வந்த இரண்டாம் அணி மாணவருள் உச்சிமுரா கன்சோவும் நித்தோபே இனாசோவும் இருந்தனர். ஜப்பானின் சிந்தனையை வளர்த்த இவ்விருவரும் அவரிடம் ஒரு நாளும் பாடம் கேட்டவரல்லர். அவர் விட்டுச்சென்ற நெறி, மூத்த மாணவர் வாயிலாகவே இவர்களை எட்டியது.

தாயகத்தில் கிளார்க்குக்கு நேர்ந்ததை மறைத்து எழுதுவது முறையன்று. 1879இல் கல்லூரித் தலைமையைத் துறந்தார். கப்பலிலேயே உலகைச் சுற்றிக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றை அமைக்க முயன்றார், அது நிறைவேறவில்லை. பின்னர்ச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். 1882இல் அந்நிறுவனம் வீழ்ந்தது. அவரை நம்பிப் பணம் இட்ட சொந்த ஊரார் பலர் பொருளிழந்தனர். உயர்ந்த நாட்டம் கொள்ளச் சொன்னவரின் நாட்டமே அவரை வீழ்த்தியது எனச் சிலர் நகைக்கக்கூடும். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. இளைஞரிடம் சொன்னதைத் தாமும் ஐம்பது வயதுக்குமேல் நம்பினார். நம்பிய இடம் பிழையாயிற்று.

இதயநோயால் நலிந்து, 1886 மார்ச் 9 அன்று ஆமர்ஸ்டில் மறைந்தார். இரு திங்கள் கழித்து அதே ஊரில் கவிஞர் எமிலி டிக்கின்சனும் மறைந்தார். இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். தம் வாழ்நாளில் சப்போரோவில் கழிந்த எட்டுத் திங்களே தமக்கு ஆறுதல் என இறுதிப் படுக்கையில் கிளார்க் கூறியதாகச் சொல்வர். அந்நகரை அவர் மீண்டும் கண்டதில்லை.