ஐகோர்ட்டில் பாகவதர், பிராட்வேயில் 'ஹரிதாஸ்'!

ஐகோர்ட்டில் கொலை வழக்கில் கூண்டில் நிற்கிறார் ஒருவர். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், பிராட்வே தியேட்டரில், அதே ஆள் குதிரை மேல் பாடிக்கொண்டு வருகிறார். அவரைப் பார்க்க அங்கேயும் கூட்டம், இங்கேயும் கூட்டம்!

1945-ல் நம்ம சென்னையில் நடந்த விசித்திரம் இது. அந்த ஆள் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

மாயவரத்தில் 1910-ல் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். பொற்கொல்லர் குடும்பம். நாடகத்தில் பாடிக்கொண்டிருந்த பையனை 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்குக் கொண்டு வந்தார் டைரக்டர் கே.சுப்பிரமணியம். 1937-ல் வந்த 'சிந்தாமணி' லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் வரை தொங்கும் 'பாகவதர் கிராப்பு' வைக்காத வாலிபர்கள் அப்போது குறைவு.

3 தீபாவளி

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. யுத்த காலம். பிலிம் தட்டுப்பாடு. 11 ஆயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதற்கு முன்பெல்லாம் படம் விடிய விடிய ஓடும், பாட்டுக்கு மேல் பாட்டு. இந்த அளவுக்குள் கதையைச் சுருட்டி, விறுவிறுப்பாகக் கொடுத்தவர் டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்னி. தாசி மோகத்தில் பெற்றோரை விரட்டும் மகன், காலை இழந்து திருந்துகிறான். தாசி வேடத்தில் டி.ஆர்.ராஜகுமாரி பறக்கவிட்ட முத்தம் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் உட்கார வைப்பது பாகவதர் குரல்தான். மைக் இல்லாத நாடக மேடையில் பழகிய தொண்டை! 1946 வரை, 3 தீபாவளி பார்த்தது படம்.

ஆனால் படத்தின் நாயகன் வெளியே இருந்தது முதல் தீபாவளிக்கு மட்டும்தான்.

ரிக்‌ஷாவில் கத்திக்குத்து

படம் வந்து 3 வாரம் ஆகியிருக்கும். நவம்பர் 8-ந்தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தனைக் குத்திவிட்டு ஓடினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை விற்றவர் அவர். அந்தப் பத்திரிகையை நிறுத்தும்படி கவர்னருக்கு மனு கொடுத்தவர்களில் பாகவதரும், என்.எஸ்.கிருஷ்ணனும் உண்டு. போலீசாருக்கு அது போதும். சதி செய்து கொல்லத் தூண்டினார்கள் என்று டிசம்பர் கடைசியில் இருவரும் கைது!

ஜூரி விசாரணை. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. அப்பீலும் தள்ளுபடி. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில், அப்பீலைச் சரியாக விசாரிக்கவில்லை என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே ஐகோர்ட்டு 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. ஜெயிலில் போனது 2 வருஷத்துக்கு மேல்.

அப்படியானால் குத்தியது யார்? அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் கிடையாது. எழுதியது எதுவாக இருந்தாலும், நடுரோட்டில் குத்தப்பட்டவர் ஒரு மனிதர். அவர் வழக்கும் அப்படியே நின்றுபோனது.

வெளியே வந்த பிறகு

என்.எஸ்.கே. பிழைத்துக்கொண்டார். மறுபடி சிரிக்க வைத்தார், படமும் டைரக்ட் செய்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. புனாவில் எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் வந்தது. பானுமதியும் எம்.ஜி.ஆரும் நடித்தார்கள், ஆனாலும் ஓடவில்லை. 1952-ல் 'அமரகவி'. அதுவும் எடுபடவில்லை. கோர்ட்டு விடுவித்தவரை ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஜெயிலில் இருந்தபோது டிக்கெட் வாங்கி வாங்கிப் பார்த்தவர்களும் இதே ஜனங்கள்தானே! கதைகள் மாறிவிட்டன, பாட்டைவிட வசனம் முன்னால் வந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள்.

சர்க்கரை வியாதி முற்றியது. கண் பார்வையும் மங்கியது. கச்சேரியை மட்டும் விடவில்லை.

1959 நவம்பர் 1-ந்தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 49. பதினைந்து வருஷத்துக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர் விட்டதும் இதே ஆஸ்பத்திரியில்தான். பாகவதர் உடல் திருச்சிக்குப் போனது. அவர் கடைசியாக நடித்த 'சிவகாமி' அடுத்த வருஷம் தியேட்டருக்கு வந்தது.