ஸ்கூட்டரில் போன ஹெபர்ட் அடிகளார்

சல்லியில் பிறந்த எங்களுக்கு முத்துமாரி அம்மன் கோயில்தான் ஊரின் அடையாளம். படிப்பு என்று வந்தால், வழி உள்ளவர்கள் பிள்ளைகளைத் திருகோணமலை நகரத்துக்கு அனுப்பினார்கள். நெற்றியில் திருநீற்றோடு புனித சூசையப்பர் கல்லூரிக்குப் போன பெடியன்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். மிசன் பாடசாலை என்றாலே மதம் மாற்றத்தான் என்று யாராவது சொன்னால், எனக்கு யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளாரின் ஞாபகம் வரும். அவரை நான் கண்டதில்லை. அவர் காணாமல் போனபோது நான் கைக்குழந்தை.

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளைத் தொடங்கியபோது அந்த நோக்கம் அவர்களுக்கு இருந்தது. ஹெபர்ட் வந்த காலம் வேறு.

1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜென்னிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1941இல் இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலை சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படிப்பித்தார். அவரைப் பெயர் சொல்ல வைத்தது கூடைப்பந்து. கொழும்புப் பாடசாலைகளின் வசதி எதுவும் இல்லாத மட்டக்களப்புப் பெடியன்களைப் பயிற்றி, அகில இலங்கைச் சம்பியன்கள் ஆக்கினார்.

இயேசு சபையின் கல்வி மரபில் ஒரு பிடிவாதம் உண்டு: வகுப்பை ஒரு கூட்டமாகப் பார்க்காமல், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும் என்பது. பந்துத் திடலில் அதைச் செய்வது சுலபம் என்று நினைக்கிறேன். யார் களைத்துவிட்டான், யார் பந்தைக் கொடுக்காமல் தானே வைத்திருக்கிறான் என்பது அங்கே ஒளிக்க முடியாத விஷயம். பந்தை வாங்குகிறவன் கோயிலுக்குப் போகிறானா, பள்ளிவாசலுக்குப் போகிறானா என்று பார்த்துக்கொண்டு விளையாடவும் முடியாது. கிறிஸ்தவ விழுமியம் என்று மேடைகளில் சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

1960இலும் 61இலும் வந்த சட்டங்களால் மிசன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அடிகளார் போகவில்லை. பின்னாளில் மட்டக்களப்பில் இளைஞர்களுக்கான தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பணி செய்தார். யுத்தம் வந்ததும் சமாதானக் குழுவில் இருந்தார். கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. எந்த நாளும் விமானம் ஏறியிருக்கலாம்.

1990 ஆகஸ்டை கிழக்கில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் பிணங்கள் விழுந்தன. தெருவில் இறங்கப் பயந்த அந்த நாட்களில், வாழைச்சேனையில் சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவ அடிகளார் புறப்பட்டுப் போனார். 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். வந்து சேரவில்லை. அப்போது அவருக்கு வயது 66. இலங்கையில் 42 வருடம்.

உடல் கிடைக்கவில்லை. திருகோணமலையில் படங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் செய்தி எடுக்கப் போகும் நாட்களில், அந்த வரிசையில் படம் இல்லாத இந்த இருவரையும் நினைத்துக்கொள்வேன். அடிகளாரைப் பற்றி எழுதுகிற பலர் கூடப் போன இளைஞரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன். அவருக்கு என்ன நடந்தது என்றும் 35 வருடங்களுக்கு மேலாக ஒருவரும் பொறுப்புக் கூறவில்லை.