அரசையும் முதலாளியையும் ஒருசேரக் கேள்வி கேட்ட அம்பேத்கர்

ஏப்ரல் 14 நெருங்கும்போது நம் ஊர்களில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேச்சுப் போட்டிகள் நடக்கின்றன. அரசியல் சட்டம் தந்தவர், இடஒதுக்கீடு பெற்றுத் தந்தவர் என்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர் பொருளாதாரம் படித்தவர், மில் தொழிலாளர்களையும் குத்தகை விவசாயிகளையும் திரட்டியவர் என்பதெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் வருவதில்லை. ஒரு துறையை அரசே நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தரப்பும் அவர் பெயரைச் சொல்கின்றன. வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், அவர் எந்தத் தரப்புக்கும் லேசில் அகப்படக்கூடியவர் அல்ல.

1891இல் மத்திய இந்தியாவின் மாவ் என்ற படைவீரர் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயப் படையில் சுபேதார். மகார் சமூகத்து இளைஞர்கள் பல தலைமுறைகளாக அந்தப் படையில் சேர்ந்து போரிட்டவர்கள். ஆனால் அம்பேத்கர் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே, மகார்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. காரியம் ஆனதும் கறிவேப்பிலைபோல் தூக்கி எறிந்தார்கள். அரசு கொடுப்பதை அரசே பிடுங்கிக்கொள்ளும் என்ற பாடத்தை அந்தக் குடும்பம் அவருக்கு விவரம் தெரியும் முன்பே படித்துவிட்டது.

பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அவர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும், பிறகு லண்டனுக்கும் சென்று படித்தார். 1917இல் திரும்பிவந்து பரோடா அரசில் உயர்ந்த பதவியில் அமர்ந்தார். அதன்பின் நடந்தவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளை எட்ட நின்று எறிந்தார்கள். ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பதவி அரசு தந்தது, கூரை தனியார் கையில் இருந்தது. கூரை இல்லாமல் பதவி நிலைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். சந்தைக்குச் சாதி தெரியாது, திறமைக்குத்தான் மதிப்பு என்று இன்றும் சொல்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அரசின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஓராண்டு சுற்றுக்குள் சமஸ்தானம், சந்தை, ஆங்கில அரசின் கல்லூரி மூன்றையும் பார்த்துவிட்டார்.

மறுபடி லண்டன் சென்று, ரூபாயின் சிக்கலைப் பற்றி எழுதிய ஆய்வு 1923இல் நூலாக வந்தது. கடினமான நூல்தான், ஆனால் உள்ளே இருக்கும் கவலை எளியது. எவ்வளவு பணம் வெளியிடுவது என்பதை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விட்டால், விலைவாசி ஏறும்போது கூலிக்காரன்தான் அடிபடுவான். ஆகவே அந்த அதிகாரத்துக்குச் சட்டத்தால் வரம்பு போட வேண்டும் என்பது அவர் வாதம்.

இனி மகாடுக்கு வருவோம். 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் நடக்கும் கிணறு, குளம், பள்ளி, சத்திரம் எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது அது. 1924இல் மகாடு நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது. மூன்று ஆண்டுகள் ஒருவரும் அதில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது.

டிசம்பரில் இரண்டாவது முறை குளத்துக்குப் போக மக்கள் திரள இருந்தபோது, சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் எழுப்பிய வாதத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அது பொதுக் குளமே அல்ல, தங்களுக்குரிய தனிச் சொத்து என்றார்கள். நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுத்தது. அம்பேத்கர் தடையை மதித்து, குளத்துக்குப் போவதை நிறுத்தி வைத்தார். அந்த மாநாட்டில்தான் மனுநூல் எரிக்கப்பட்டது. வழக்கு கீழ் நீதிமன்றத்திலிருந்து பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், 1937 மார்ச்சில்தான் நம் பக்கம் தீர்ந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்கு ஏறக்குறைய பத்து ஆண்டு. பொது என்று சொன்ன அரசு காப்பாற்றவில்லை. பொது என்பது நெருங்கி வந்ததும் அது திடீரெனத் தனியார் சொத்தாகிவிட்டது. நம் பக்கத்தில் கோயில் நிலம், ஊர்ப் பொது நிலம், சுடுகாட்டுப் பாதை என்று வழக்கு நடத்தியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அதே ஆண்டுகளில் மகார் வதன் முறையைக் கையில் எடுத்தார். நம் பக்கத்து வெட்டி வேலையைப் போன்றதுதான் அது. அரசு ஒரு துண்டு மானிய நிலம் கொடுக்கும். அதற்கு ஈடாக மகார் இரவு பகல் பாராமல் தபால் சுமக்க வேண்டும், அதிகாரி வந்தால் ஓட வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால் வீட்டில் உள்ள வேறு ஆள் போக வேண்டும். கூலியில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் போடும் தானியம். அரசு வேலைக்கு ஊர்க்காரரிடம் கையேந்தும் ஏற்பாடு! உரிமை கேட்டால் தானியம் நின்றுவிடும். சம்பளத்தை அரசே தர வேண்டும் என்று 1928இல் மசோதா கொண்டுவந்தார். அது கரை சேரவில்லை, திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட ஊழிய மானியங்களை ஒழிக்கும் சட்டம் பம்பாயில் 1958இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பம்பாய் மில்களில் நிலைமை வேறு மாதிரி. கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் நம் மக்களுக்கு இடமில்லை. நூல் அறுந்தால் நாடாவில் வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும், தீண்டப்படாதவரின் எச்சில் பட்டுவிடும் என்பது காரணம். முதலாளிக்கு இது வசதி, சக தொழிலாளிக்கும் இது வசதி. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். முதலாளியை எதிர்த்த தோழர்களுக்கு அது அத்தனை அவசரமாகப் படவில்லை. 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் பேசியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் அவரும் சென்றார்கள். தீண்டப்படாதோர் ஆங்கிலேயருக்கு நன்றியோடு இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நீங்கள் வரும் முன்பும் கிணறு எங்களுக்கு இல்லை, கோயில் இல்லை, காவல்துறை வேலை இல்லை. இப்போதும் இல்லையே என்ற பொருளில் அவர் பேசினார். அதே மூச்சில், சுயராஜ்யம் வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்றும் கேட்டார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். மறு ஆண்டு கொங்கணத்தின் கோத்தி முறையை ஒழிக்க மசோதா வைத்தார். கோத் என்பவர் அரசுக்காக நிலவரி வசூலித்துக் கொடுக்கும் இடைத்தரகர். அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, குடியானவரிடம் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறப்பார், ஓசி வேலையும் வாங்குவார். இன்றைய பேச்சில் சொன்னால், வரி வசூலை ஒப்பந்தத்துக்கு விட்ட அரசு. 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாய் சட்டசபையை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். காங்கிரஸ் அமைச்சரவை மசோதாவைக் கிடப்பில் போட்டது. அதே ஆண்டு வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் தொழில் தகராறு மசோதாவை அந்த அமைச்சரவை கொண்டுவந்தபோது, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். வேலை செய்ய மறுப்பதைக் குற்றமாக்கினால் அது தொழிலாளியை அடிமையாக்குவதற்குச் சமம் என்று சபையில் வாதிட்டார்.

1942இல் அவரே அதிகாரத்துக்குள் போனார். வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்த ஆண்டுதான் நம் சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ் தலைமையில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் நமக்கு எட்டேகால் விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலான இடம் கிடைத்தது. ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைக்கும் சட்டம் 1946இல் வந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை அந்த அரசு 1943இல் விலக்கியது. ஆணுக்குரிய கூலி பெண்ணுக்கும் என்று சொல்லி, அதைச் சபையில் நியாயப்படுத்தும் பொறுப்பு அம்பேத்கர் மீது விழுந்தது. தடை மீண்டும் வர 1946 ஆகிவிட்டது. அரசு நாற்காலி எவரையும் எப்படி வளைக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம் என்றே நாம் கருதுகிறோம்.

நாற்காலியை விட்ட பிறகு, 1947 மார்ச்சில் அவர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையைக் கல்லூரி மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும். காப்பீடு முழுவதும் அரசிடம். விவசாய நிலம் முழுவதையும் உரிய ஈடு கொடுத்து அரசு எடுத்து, சாதி பாராமல் ஊராருக்குக் குத்தகைக்குக் கொடுத்து, கூட்டாகப் பயிரிடச் செய்ய வேண்டும். நிலக்கிழாரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது.

இதைப் பார்த்ததும் அவர் அரசை முழுதாக நம்பிவிட்டார் என்று தோன்றும். அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். அரசு தலையிடாமல் ஒதுங்கினால் யாருக்குச் சுதந்திரம் என்று கேட்கிறார். நிலக்காரருக்கு வாரத்தை உயர்த்தும் சுதந்திரம், முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கும் சுதந்திரம். பசியோடு வேலை தேடுகிறவன், வேலைக்காகத் தன் உரிமையை எழுதிக்கொடுத்துவிடுவான். அரசின் கையைக் கட்டிவிட்டு முதலாளியின் கையை அவிழ்த்துவிடுவது உரிமைப் பாதுகாப்பு ஆகாது. சரி, அரசிடம் கொடுக்கலாம் என்றால், அந்த அரசு யார் கையில்? பெரும்பான்மை என்பது இங்கே சாதிப் பெரும்பான்மை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் சபையின் தயவில் இதை விட முடியாது. ஆகவே இந்தப் பொருளாதார ஏற்பாட்டை அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும் என்றார். ஊர்விலக்கத்தைக் குற்றமாக்கித் தண்டிக்க வேண்டும் என்றும் அதிலேயே கேட்டார்.

சபை அதை ஏற்கவில்லை. அவர் தலைமையில் வரைவுக்குழு எழுதிய சட்டத்தில், பொருளாதார நீதி என்பது நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாத வழிகாட்டுக் கொள்கையாக நின்றுவிட்டது. ஆனால் 15, 17, 23 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், குளியல் துறை, சாலை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. தீண்டாமையும் கட்டாய வேலையும் அரசு செய்தாலும் தனி ஆள் செய்தாலும் குற்றம். சவுதார் குளமும் மகார் வதனும் அந்த வரிகளுக்குள் இருக்கின்றன.

சுதந்திர இந்தியாவின் சட்ட அமைச்சராக நான்கு ஆண்டு இருந்தார். திட்டமிடல் துறையைக் கேட்டும் கிடைக்கவில்லை. பொருளாதாரம் படித்தவரைப் பொருளாதார முடிவுகளுக்கு வெளியே வைத்தார்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டார்கள். 1951 செப்டம்பரில் பதவியை விட்டார். 1952 தேர்தலிலும் 1954 இடைத்தேர்தலிலும் தோற்றார். மாநிலங்களவையில் இருந்தபடி, தான் உருவாக்கிய சட்டத்தையே எரிக்கத் தயார் என்று சொல்லும் அளவுக்கு மனம் நொந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார்.

எட்டு ஆண்டு கழித்து, 1964இல் அதே டிசம்பர் 6 அன்று, தாதாசாகேப் கெயிக்வாட் முதலியோர் தலைமையில் இந்தியக் குடியரசுக் கட்சி நாடு முழுவதும் நிலப் போராட்டம் தொடங்கியது. பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில், தரிசு நிலத்தை நிலமற்றோருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கரின் படத்தை வைக்க வேண்டும் என்பதும் இருந்தன. படம் 1990 ஏப்ரலில் வைக்கப்பட்டது.